நேற்றிரவுக்குத் திரும்பிய அலுவலகம்

ராஜினாமாவை அனுப்பும் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் மனைவியின் அழைப்பு வந்துவிட்டது.

"ஏங்க, ஒரு நல்ல சேதி. வேலைய விட்டுட்டேன்!"

மெத்தை செய்து விற்கும் அந்த நிறுவனத்தின் கணினிப் பொறுப்பாளர், தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தார்.

"என்னத்த விட்ட?"

"வேலையத்தாங்க. சட்டக் கல்லூரியில இடம் கிடைச்சிருச்சு. இப்பத்தான் பல் டாக்டர்கிட்ட போய், இனிமே உங்க வாசல்ல உக்காந்து டோக்கன் குடுக்க ஆள் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு வரேன். நாமதான் பேசி வச்சோமே, இடம் கிடைச்சா நான் படிக்கிறது, வீட்ட நீங்க பாத்துக்கறதுன்னு. என்ன, பேச்சையே காணோம்?"

"சந்தோஷத்துல தொண்டை அடைச்சுக்கிச்சு."

"எனக்கும் மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நெனச்சேன், நீங்க என்ன கோபம் வந்தாலும் வேலைய விடுற ஆளா? அந்தத் தைரியம் போதும்னு."

அழைப்பு முடிந்தது. எதிரே திரையில் இரண்டு வரிகள் நின்றன. ‘உங்கள் ராஜினாமா பெறப்பட்டது. மேலாளருக்குத் தெரிவிக்கப்படும்.'

என்ன கோபம் வந்தாலும் வேலையை விடாத அந்த மனிதர், அன்று காலை ஒரே ஒரு கேள்விக்காக அதை விட்டிருந்தார்.

அவரை அலுவலகத்தில் எல்லோரும் ‘பேக்கப் சார்' என்றே அழைத்தார்கள். அவருடைய அறையில் அலமாரி உயரத்துக்கு ஒரு பெரிய கணினி நின்றது. அதற்குள் பல கணினிகள் குடியிருந்தன. ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டால், கதவைச் சாத்திக்கொண்ட பிறகு ஒவ்வொரு குடும்பமும் இது தன் தனி வீடு என்றே எண்ணிக்கொள்கிறதல்லவா? மெய்நிகர் கணினிகள் என்று பெயர் பெற்ற அந்தக் குடித்தனக்காரர்களும் அவ்வாறே எண்ணி வாழ்ந்தார்கள். ஒருவர் பணியாளர் விவரங்களைப் பார்த்துக்கொண்டார். ஒருவர் கதவுகளைத் திறந்து மூடினார். ஒருவர் மின்னஞ்சலைச் சுமந்தார். இரவுதோறும் ஒவ்வொரு குடித்தனமும், அடுப்பும் அடுப்பின்மேல் பாத்திரமும் பாத்திரத்துக்குள் கரண்டியுமாக, அப்படியே நகலெடுத்து வைக்கப்படும்; அதற்குத்தான் பேக்கப் என்று பெயர். மறுநாள் காலை, ‘நேற்றைய நகல்கள் நல்லபடியாக முடிந்தன' என்று அவர் அனைவருக்கும் ஒரு செய்தி அனுப்புவார். அதை அனுப்பிய பிறகே அவருக்குத் தேநீர் இறங்கும்.

அன்று காலைக் கூட்டத்தில் மேலாளர் அம்மையார் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அவருடைய குரலை முன்னிட்டு அலுவலகம் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘உச்சஸ்தாயி'. அன்று ஏனோ அந்தக் குரல் வழக்கத்துக்கு மேலும் ஒரு படி ஏறியிருந்தது.

"தினமும் நகல் எடுத்தாச்சு, நகல் எடுத்தாச்சுன்னு செய்தி அனுப்பறீங்களே, ஒரு நாளாவது அந்த நகல எடுத்துத் திருப்பிப் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

அறையில் இருந்த அனைவரும் பேக்கப் சாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்கு அவசியமே வந்ததில்ல மேடம்."

"அவசியம் வரும்போதுதான் பாப்பீங்களா? குடை வாங்கி வச்சிருக்கேன், விரிச்சுப் பாத்ததில்லங்கற கதையா இருக்கு!"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். பொய்யான பழியை மனிதன் சிரித்துக்கொண்டே சுமந்துவிடுவான். உண்மையான பழிதான் உள்ளே போய்க் குத்தும். கேள்வி நியாயமானது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கோபம் வந்ததற்கும் அதுவே காரணம். இருக்கைக்குத் திரும்பினார், பணியாளர் கணினியைத் திறந்தார், பொத்தானை அழுத்தினார்.

இப்போது அதைத் திரும்பப் பெற வேண்டும்.

நேரான வழி ஒன்று இருந்தது. மேலாளரிடம் சென்று, "அவசரப்பட்டுவிட்டேன்" என்று சொல்லலாம். காட்சிக்கூடத்தில் ஒரு விடுதி உரிமையாளருக்கும் அவர் மனைவிக்கும் மெத்தைகளைக் காட்டிக்கொண்டிருந்த அந்த அம்மையாரின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "இது முதுகெலும்புக்குன்னே செஞ்சது!" பேக்கப் சாரின் முதுகெலும்பு சில்லிட்டது.

அப்போது அவருக்கு அந்த யோசனை உதித்தது. நேற்றிரவு எடுத்த நகலில் பணியாளர் கணினி எப்படி இருந்தது? ராஜினாமா இல்லாமல் இருந்தது. அந்த நகலை மீட்டுப் போட்டுவிட்டால்? போடாத ராஜினாமாவை யார் ஏற்றுக்கொள்ள முடியும்?

ஒரே ஒரு வார்த்தை கேட்பதற்குக் கூச்சப்பட்ட அந்த மனிதர், ஓர் அலுவலகத்தின் முழுக் காலைப்பொழுதையும் அழிக்கக் கூச்சப்படவில்லை. மனித மனத்தின் கணக்கு சில நேரங்களில் அப்படித்தான் இருக்கிறது.

நகல் மீண்டது. கொஞ்சமும் தகராறு செய்யாமல் மீண்டது. பட்டியலில் அவருடைய ராஜினாமா இல்லை. "பாத்தீங்களா மேடம், விரிச்சேன், விரிஞ்சிருச்சு" என்று சுவரிடம் மெல்லச் சொல்லிக்கொண்டார்.

வாசல் பக்கம் கூச்சல் எழுந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். தையல் பிரிவினர் கையில் சாப்பாட்டுப் பைகளோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அடையாள அட்டையைக் காட்டினால் வாயிற்கதவு சிவப்பு விளக்கைக் காட்டியது.

"மெஷின் நீங்க உள்ளேயே வரலங்குதுய்யா. உள்ள வராத ஆள நான் எப்படி வெளிய விட முடியும்?" என்றார் வாயிற்காவலர்.

"அப்போ உங்க முன்னாடி நிக்கிறது யாரு? என் ஆவியா?" என்றார் தலைமைத் தையற்காரர்.

"ஆவியா இருந்தா கதவுக்கு ஊடாவே போயிருப்பீங்களே, என்கிட்ட ஏன் சண்டை போடறீங்க?"

பேக்கப் சாருக்கு விளங்கியது. வருகைப் பதிவும் பணியாளர் கணினியில்தான் இருந்தது. நேற்றிரவில் அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. எனவே இப்போதும் ஒருவரும் இல்லை. பணியாளர் கணினி நேற்றில் இருக்கிறது, கதவுக் கணினி இன்றில் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் உட்கார வைத்தால் வழக்கு தீர்ந்துவிடும் என்று அவர் முடிவு செய்தார். அறைக்கு ஓடிக் கதவுக் கணினியின் நகலைத் தேடினார்.

நேற்றைய நகல் இல்லை. அதற்கு முந்தைய நாளுடையதும் இல்லை. பல மாதங்களாகவே கதவுக் கணினி மட்டும் நகலாகாமல் நழுவிக்கொண்டிருந்திருக்கிறது. காலைதோறும் வரும் அறிக்கையின் அடியில் அது குறிக்கப்பட்டும் இருந்தது. அவர் படித்ததென்னவோ தலைப்பை மட்டும்.

ஒரு தூக்கணாங்குருவி இருந்ததாம். புயல் வந்தால் வேண்டுமே என்று, தன் கூட்டைப் போலவே இன்னொரு கூட்டைப் பக்கத்துக் கிளையில் பின்னி வைத்ததாம். மாலைதோறும் அதை எட்டி நின்று பார்த்து, ‘எனக்கென்ன கவலை!' என்று நெஞ்சை நிமிர்த்துமாம். ஒரு நாள் புயல் வந்து பழைய கூட்டைக் கொண்டுபோனது. குருவி புதிய கூட்டுக்குப் பறந்தது, சுற்றியது, மறுபடியும் சுற்றியது. அப்போதுதான் தெரிந்ததாம், அந்தக் கூட்டுக்கு வாசல் வைக்க மறந்துபோனது.

கிடைத்த நகல்களில் ஆகப் புதியது, அலுவலகத்தின் அறைகளை மாற்றி அமைப்பதற்கு முன்னால் எடுத்தது. வேறு வழியில்லை. அதையே போட்டார்.

வாயிற்கதவு விரியத் திறந்தது. அந்தப் பழைய நாளில் வாயிற்கதவுக்கு வருகைப் பதிவைப் பார்க்கும் வழக்கமே இல்லை. ஆவிகள் மகிழ்ச்சியோடு சாப்பிடப் போயின. அதைக் கண்ணாரப் பார்ப்பதற்காக வெளியே வந்த பேக்கப் சார், தம் அறைக்குத் திரும்பி அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு.

அறைகள் மாறுவதற்கு முன்னால் அது துடைப்பங்கள் வைக்கும் அறையாக இருந்தது. துப்புரவுப் பணி செய்யும் அம்மாவின் அட்டைக்கு மட்டுமே திறக்கும்.

"அம்மா, கொஞ்சம் வந்து கதவத் திறங்களேன்."

அந்த அம்மா தம் அட்டையைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. அவர் முகத்திலும் ஒரு விளக்கு எரிந்தது.

"என் ரூமப் பிடுங்கிக்கிட்டு, துடைப்பத்த எல்லாம் மாடிப்படிக்கு அடியில போட்டீங்களே. இன்னிக்கு அந்தக் கதவுக்கே மனசு கேக்கல பாத்தீங்களா? ரெண்டு வாளியையாவது உள்ள வச்சுக்கறேன்."

"வைங்கம்மா, வைங்க."

"பெரிய துடைப்பத்தையும்?"

"அதையும் வைங்க!"

வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்தபோதுதான் அவருக்கு அடுத்த கேள்வி உறைத்தது. இந்த அறை துடைப்ப அறை என்றால், அப்போது கணினி அறையாக இருந்தது எது? இப்போதைய காட்சிக்கூடம். அங்கே அவர் அட்டையைத் தவிர வேறெந்த அட்டையும் செல்லாது. உள்ளே மேலாளர் அம்மையார் இருக்கிறார். விடுதி உரிமையாளர் இருக்கிறார். அவர் மனைவி இருக்கிறார். கதவு பூட்டிக்கொண்டிருக்கிறது.

உடனே ஓடிப்போய்த் திறந்திருக்க வேண்டும். எழுந்தும் விட்டார். ஆனால் ‘மேலாளருக்குத் தெரிவிக்கப்படும்' என்ற வரி அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தது. அந்தத் தெரிவிப்பு மின்னஞ்சலில்தானே போயிருக்கும்? பூட்டிய அறைக்குள் அகப்பட்ட மனிதர் என்ன செய்வார்? கைபேசியை எடுத்து, வந்த கடிதங்களை வரிசையாகப் படிப்பார்.

முதலில் மின்னஞ்சல் கணினி, பிறகு கதவு.

அவசரத்தில் செய்யும் வேலை ஒன்றைச் செய்யும்; ஒன்றை மறக்கும். மின்னஞ்சல் கணினியின் நகலை எழுப்பிவிட்டார். அதில் தேதி பார்க்க மறந்தார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கணினியை நிறுத்தவும் மறந்தார். வகுப்பில் ஒரு பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு மூலைகளிலிருந்து "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால் எப்படி இருக்கும்? ஒரே பெயரும் ஒரே முகவரியும் கொண்ட இரண்டு கணினிகள், வந்த கடிதத்தை நீயா நானா என்று இழுத்துப் பறித்துக்கொண்டன. அது போதாதென்று, மீண்டு வந்த பழைய கணினி, தான் உறங்கப் போகும்போது கையில் வைத்திருந்த ஒரு கடிதத்தைக் கடமை தவறாமல் அனைவருக்கும் பட்டுவாடா செய்தது.

‘தண்ணீர்த் தொட்டி கழுவப்படுவதால் இன்று பிற்பகல் அலுவலகத்துக்கு விடுமுறை.'

எந்தக் காலத்துத் தொட்டியோ, எந்தப் பிற்பகலோ! விடுமுறைக் கடிதத்தில் தேதி பார்க்கும் பணியாளர் எந்த அலுவலகத்திலும் இல்லை. நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. விற்பனைப் பிரிவு எழுந்தது, கிடங்கு பூட்டிக்கொண்டது, பாதி ஏற்றிய மெத்தைகளோடு வண்டி முற்றத்தில் நின்றது. சாப்பிடப் போனவர்கள் போனவாக்கில் வீட்டுக்குப் போனார்கள்.

"சார், நீங்க கிளம்பலையா? தொட்டி கழுவுறாங்களாம்," என்று எட்டிப் பார்த்த விற்பனையாளர், அவரைச் சுற்றி வாளியும் துடைப்பமும் இருப்பதைக் கண்டு தயங்கினார். "ஓ... நீங்கதான் கழுவப் போறீங்களா?"

பேக்கப் சார் வெளியே வந்தார். நீண்ட கூடத்தில் மேசைகள் மட்டும் இருந்தன. ஒரு கணினித் திரையில் யாரோ பாதியில் விட்ட வாக்கியத்தின் முடிவில், எழுதும் இடத்தைக் காட்டும் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. மின்விசிறிகள் யாருக்காகவோ சுற்றின. பணியாளர் பிரிவின் மூலையில் மட்டும், எல்லோராலும் அக்கா என்று அழைக்கப்படும் எழுத்தர் அம்மாள் தம் இடத்தில் அமர்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். மின்னஞ்சலை நம்பி அவர் எழுந்ததும் இல்லை, உட்கார்ந்ததும் இல்லை.

வெறிச்சோடிய அந்தக் கூடத்தில் நின்றபோது பேக்கப் சாருக்கு வெட்கமாக இருந்தது. காலையில் தாம் அழித்தது தம் ராஜினாமாவை மட்டும் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேரும் காலையில் செய்த வேலை, கேட்ட விடுப்பு, திருத்திய பிழை எல்லாமே அந்த நகலுக்கு அடியில் புதைந்துவிட்டன. வீட்டில் ஒருத்தி, தம்மை நம்பி ஒரு வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்காகத்தான் இதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தார். மனம் ஏற்கவில்லை. அவளுக்காக என்றால் மேலாளரிடம் போய் நின்றிருக்கலாம். இது தம் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தது.

பழைய மின்னஞ்சல் கணினியை நிறுத்தினார். வண்டிக்காரரிடம் சென்று, "தொட்டியெல்லாம் கழுவலண்ணே, அது என்னோட தப்பு," என்றார். பிறகு காட்சிக்கூடத்தின் கதவுக்கு முன்னால் நின்றார். உள்ளே சத்தமே இல்லை. உச்சஸ்தாயி இருக்கும் அறையில் சத்தம் இல்லாதது அவரை மேலும் அச்சுறுத்தியது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு அட்டையைக் காட்டினார். பச்சை.

விடுதி உரிமையாளர் நடு மெத்தையில், காலணிகளை ஒழுங்காகக் கீழே கழற்றி வைத்துவிட்டு, வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பக்கத்து மெத்தையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மேலாளர் அம்மையார் ஓரத்து மெத்தையில் எழுந்து உட்கார்ந்தார். அவருடைய கன்னத்தில் தலையணை உறையின் பூவேலை அச்சாகப் பதிந்திருந்தது.

"ஷ்ஷ்!" என்றார் அம்மையார். அந்தக் குரலை இவ்வளவு கீழே அந்த அலுவலகம் கேட்டதே இல்லை.

உரிமையாளரின் மனைவி கண்விழித்தார். "கதவு திறந்திருச்சா? அடடா," என்று வருத்தப்பட்டார். "இவரு தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா மேடம்? வீட்டுல ராத்திரி முழுக்க ஜன்னலையே பாத்துக்கிட்டு நிப்பாரு. இங்க பாருங்க, குழந்தை மாதிரி! இந்த மெத்தைதான். எங்க விடுதியில எல்லா ரூமுக்கும் இதேதான்."

"தாராளமா எடுத்துக்கங்க. அவர எழுப்பாதீங்க, மெதுவா எந்திரிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அம்மையார் பேக்கப் சாரை நடைபாதைக்கு அழைத்து வந்தார்.

"மேடம், கதவு பூட்டினதுக்கு நான்தான் காரணம். நகல எடுத்துத் திருப்பிப் போட்டேன். கதவோட நகல் பழசு. அதுக்கு முன்னாடி, காலையில நீங்க கேட்டதும் நான் கோபத்துல..."

"காலைப் பேச்ச விடுங்க. நானும் இன்னிக்கு நிதானத்துல இல்ல. தலைமை அலுவலகத்துல வாங்கினத உங்க தலையில இறக்கிட்டேன்." அம்மையார் கைபேசியைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "அந்தப் பணியாளர் கணினி... அதையுமா நேத்து ராத்திரிக்குக் கொண்டு போனீங்க?"

"ஆமா மேடம்."

"இன்னிக்குக் காலையில அதுல யார் என்ன பதிஞ்சிருந்தாலும்..."

"எல்லாமே போயிருச்சு மேடம். அதத்தான் நான் சொல்ல வரேன்."

"எல்லாமேவா? ஒண்ணுகூட மிஞ்சாதா?"

"ஒண்ணுகூட மிஞ்சாது," என்றார் அவர், தலையைக் குனிந்தபடி.

அம்மையார் ஒரு நீண்ட மூச்சை விட்டார். பூவேலை பதிந்திருந்த அந்த முகம், பல ஆண்டுகளில் முதன்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தது.

"மாசா மாசம் ஒரு நகலாவது எடுத்துத் திருப்பிப் போட்டுப் பாருங்க. எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிட்டுப் போடுங்க. மத்தபடி நீங்க இருக்கிற வரைக்கும் நானும் இந்த ஆபீஸ விட்டு எங்கயும் போறதா இல்ல, சரியா?"

தம் வாழ்நாளில் அவர் பெற்ற பாராட்டுகளில் அதுவே பெரியது என்று பேக்கப் சாருக்குத் தோன்றியது. சொல்ல வந்த மீதியைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டு, பறக்காத குறையாகப் பணியாளர் பிரிவுக்கு வந்தார். மனைவியை அழைத்து, படிப்புக்குப் புத்தகம் வாங்க மாலையில் போகலாம் என்று சொல்லும் எண்ணத்தில் கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தார். அதற்கு முன் ஒன்றே ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

"அக்கா, காலையில உங்க கணினிக்கு... என் பேர்ல ஏதாவது வந்துச்சா?"

"உங்க ராஜினாமாதானே? வந்துச்சே," என்றார் அக்கா, ஆரஞ்சுச் சுளை ஒன்றை அவர் பக்கம் நீட்டியபடி.

பேக்கப் சார் கைபேசியைச் சட்டைப்பைக்குள் திணித்தார். "மேடத்துக்குத் தெரிஞ்சிருச்சா?"

"நான் அனுப்பினாத்தான தம்பி தெரியும்? காலையில வர்ற ராஜினாமாவ நான் சாயங்கால டீ வரைக்கும் தொடறதே இல்ல. வயிறு நெறஞ்சதும் கோபம் எறங்கி, முக்கால்வாசிப் பேரு வந்து திருப்பிக் கேப்பாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்துக் கையில குடுத்திருப்பேனே."

பேக்கப் சார் அருகிலிருந்த நாற்காலியில் மெல்ல அமர்ந்தார். வாளிகள், துடைப்பம், வாசலில் நின்ற ஆவிகள், கழுவப்படாத தொட்டி எல்லாம் அவர் கண்முன் ஊர்வலமாகப் போயின.

"போகட்டும்க்கா," என்று கடைசியில் சிரித்தார். "நல்லபடியா முடிஞ்சுது. அந்தக் கணினியில வேற எதுவும் முக்கியமா போயிடலியே?"

அக்கா தோலை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "இத்தனை வருஷத்துல வந்த கையோட நான் ஒப்புதல் போட்டு அதுலயே மேல அனுப்பின ராஜினாமா ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. இன்னிக்குக் காலையில மேடம் போட்டது. அதத்தான் இப்போ காணோம்."